கூர்நோக்கு இல்லத்தில் மகனை அடிக்கிறார்கள்: யாரிடம் முறையிடுவது?

கேள்வி: என் மகனுக்கு 16 வயது. செல்போன் பறித்ததாக பாரதிய நியாய சன்ஹிதா (இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) 304ஆம் பிரிவில் வழக்குப் போட்டு, 40 நாளாகக் கூர்நோக்கு இல்லத்தில் (விசாரணை முடியும்வரை சிறாரை வைக்கும் இல்லம்) வைத்திருக்கிறார்கள். போன வாரம் பார்க்கப் போனபோது கை முழுக்கத் தடிப்பு. முதலில் விழுந்துவிட்டதாகச் சொன்னான். பிறகு, எதிர்த்துப் பேசியதற்காக பைப்பால் அடித்தார்கள் என்று அழுதான். வெளியே சொன்னால் கேஸை இழுத்துவிடுவோம் என்று மிரட்டியிருக்கிறார்கள். 'அப்பா இல்லாத வீடு, கண்டிக்க ஆளில்லை' என்று 10 நாள் முன்பு ஜாமீனும் மறுத்துவிட்டார்கள். புகார் கொடுத்தால் அவனுக்கு ஆபத்து வருமா?

பதில்: சகோதரி, புகார் கொடுங்கள். கொடுக்காமல் இருப்பதுதான் ஆபத்து. அடித்தவருக்கு உங்கள் மகன் வழக்கின் மேல் எந்த அதிகாரமும் இல்லை. வழக்கை நடத்துவது இளைஞர் நீதிக் குழுமம். ஒரு நடுவரும் இரண்டு சமூகப் பணியாளர்களும் அதில் இருக்கிறார்கள். இல்லத்தின் கண்காணிப்பாளர் முதல் வார்டன் வரை எல்லோரும் அந்தக் குழுமத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள். மாதம் ஒரு முறையாவது இல்லத்துக்கு நேரில் போய்ப் பார்ப்பது குழுமத்தின் கடமை என்று 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 8ஆம் பிரிவே சொல்கிறது. அதனால் முதல் மனு அங்கேதான் போக வேண்டும்.

ஒரே ஒரு பக்கம் எழுதினால் போதும். எந்தத் தேதியில் போனீர்கள், எந்தக் கையில் எந்த இடத்தில் தடிப்பு இருந்தது, அவன் என்ன சொன்னான், யாரைச் சொன்னான் என்று எழுதுங்கள். அதோடு மூன்று கோரிக்கை வையுங்கள்: அவனை உடனே அரசு மருத்துவமனையில் பரிசோதிக்க வேண்டும், இல்லத்தின் சிசிடிவி பதிவை அழியாமல் எடுத்து வைக்க வேண்டும், அவனைக் குழுமமே தனியாக விசாரிக்க வேண்டும். மருத்துவப் பரிசோதனையை முதலில் சொன்னதற்குக் காரணம் உண்டு. தடிப்பு நாலைந்து நாளில் மறைந்துவிடும். அப்புறம் அவன் சொல் ஒரு பக்கம், இல்லத்தின் சொல் ஒரு பக்கம் என்று ஆகிவிடும். உங்கள் கடிதம் வரவே ஒரு வாரம் ஆகிவிட்டது. இனி ஒரு நாள்கூடத் தள்ளாதீர்கள்.

தனியாக விசாரிக்கக் கேளுங்கள் என்பது என் அனுபவத்தில் சொல்வது. ஒரு முறை சித்திரை வெயிலில் ஒரு பையனை முழுக்கைச் சட்டையோடு, மணிக்கட்டுப் பித்தானும் போட்டுக் கூட்டி வந்தார்கள். பக்கத்தில் இல்லத்து ஊழியர் நின்றவரை 'ஒண்ணும் இல்ல சார்' என்றே சொன்னான். அவரை வெளியே அனுப்பிவிட்டு, குழுமத்தில் இருந்த அம்மா ஒருவர் 'கையை மடிச்சுக் காட்டுப்பா' என்றார். அதற்கு மேல் அவன் வாய் திறந்து சொல்லவே வேண்டியிருக்கவில்லை.

சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. இளைஞர் நீதிச் சட்டத்தின் 82ஆம் பிரிவு இல்லங்களில் அடித்துத் தண்டிப்பதையே குற்றமாக்குகிறது. தண்டனை பெற்றவர் வேலையையும் இழக்கலாம், பிறகு குழந்தைகளோடு வேலை செய்யவே முடியாது. குழந்தையைப் பொறுப்பில் வைத்திருக்கும் நிறுவனத்தின் ஊழியரே கொடுமை செய்தால், 75ஆம் பிரிவில் 5 ஆண்டு வரை கடுங்காவலும் 5 லட்சம் வரை அபராதமும் உண்டு. 2022 கடைசி நாளில் செங்கல்பட்டு கூர்நோக்கு இல்லத்தில் 17 வயதுப் பையன் ஒருவன் இறந்தான். ஊழியர்கள் கைதானார்கள். இல்லங்களைச் சீர்படுத்த வழி சொல்லும்படி ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் அரசு ஒரு நபர் குழு அமைத்தது. ஓர் உயிர் போன பிறகு வந்த கவனம் அது. உங்கள் மனு அதற்கு முன்னால் போகட்டும்.

மனுவின் நகலை மாவட்ட ஆட்சியருக்கும் மாநிலக் குழந்தைகள் உரிமைகள் பாதுகாப்பு ஆணையத்துக்கும் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது ஆய்வுக் குழு இல்லத்துக்குப் போக வேண்டும், அதில் ஒரு பெண்ணும் ஒரு மருத்துவரும் இருக்க வேண்டும் என்பது 54ஆம் பிரிவு. அந்த அறிக்கை போவது ஆட்சியரிடம்தான். இல்லத்தில் புகார்ப் பெட்டி எங்கே இருக்கிறது என்றும் மகனிடம் கேளுங்கள். இளைஞர் நீதிச் சட்டத்தின் 2016 மாதிரி விதிகளின்படி அது அலுவலகத்தை விட்டுத் தள்ளி, பிள்ளைகள் தங்கும் அறைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். நான் பார்த்த ஓர் இல்லத்தில் அது கண்காணிப்பாளர் அறை வாசலில், துருப்பிடித்த பூட்டோடு தொங்கியது. எந்தப் பிள்ளை அதில் சீட்டுப் போடும்? உங்கள் மகனின் இல்லத்திலும் அப்படித்தான் என்றால் மனுவில் அதையும் எழுதுங்கள்.

சரி, ஜாமீன். 12ஆம் பிரிவுப்படி சிறாருக்கு ஜாமீன் கொடுப்பதுதான் விதி. மறுக்க மூன்றே காரணம்: வெளியே போனால் குற்றவாளிகளோடு சேருவான், அவனுக்கே உடல், மன, ஒழுக்க ரீதியாக ஆபத்து, அல்லது நீதி பாழாகும். அப்பா இல்லை என்பது மட்டும் இதில் எதிலும் சேராது. 30 நாளுக்குள் குழந்தைகள் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். நீங்கள் எழுதியபோதே 10 நாள் போய்விட்டது, கடிதம் வர ஒரு வாரம்; இன்னும் இரண்டு வாரம்கூட இல்லை. தாய்மாமன் போல யாராவது பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட வந்தால் மனு இன்னும் வலுவாகும். நன்னடத்தை அலுவலர் 15 நாளில் கொடுத்திருக்க வேண்டிய சமூக விசாரணை அறிக்கை (பையனின் வீடு, குடும்பச் சூழல் பற்றியது) வந்ததா என்றும் கேளுங்கள். உங்கள் வீட்டுக்கு யாருமே வந்து பார்க்கவில்லை என்றால், அதைத்தான் மேல்முறையீட்டில் முதலில் சொல்ல வேண்டும்.

உங்கள் மகன் மேல் போட்ட 304ஆம் பிரிவுக்கு அதிகபட்சத் தண்டனை 3 ஆண்டு என்பதால், இளைஞர் நீதிச் சட்டத்தில் இது சிறு குற்றம். விசாரணை நாலு மாதத்தில் முடிய வேண்டும், கூடுதலாக இரண்டு மாதம் நீட்டலாம். அதற்குள்ளும் முடியவில்லை என்றால் வழக்கே அற்றுப்போகும். கேஸை இழுத்துவிடுவோம் என்ற மிரட்டலுக்கு இதுதான் பதில். மகனிடமும் சொல்லி வையுங்கள்.

வக்கீலுக்குப் பணம் இல்லையே என்று தயங்க வேண்டாம். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் தருவார்கள். ஆத்திரத்தில் அவன் படத்தையோ பெயரையோ வாட்ஸ்அப்பிலும் டிவியிலும் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். 74ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது. நாளைக்கு அவன் வேலைக்குப் போகும்போது அந்தப் படம் கூடவே வரும்.

நாளைக் காலை குழுமத்துக்குப் போகும்போது மனுவை இரண்டு பிரதியாகக் கொண்டுபோங்கள். உங்கள் பிரதியில் தேதியும் முத்திரையும் வாங்காமல் திரும்ப வேண்டாம்.