கதிரையை வாங்கிய பிறகு மேசைக்கு அளவெடுங்கள்

கேள்வி: பரந்தனில் இருக்கிறேன். லண்டன் கம்பனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே கணக்கு வேலை செய்கிறேன். மத்தியானம் ஒன்றரைக்குத் தொடங்கினால் இரவு ஒன்பதரை ஆகும். இவ்வளவு நாளும் சாப்பாட்டு மேசையும் பிளாஸ்டிக் கதிரையும்தான். இப்போது நாரியும் தோள்மூட்டும் நோகுது. வீட்டுத்திட்ட வீடு, பத்துக்குப் பத்து அறை, யன்னல் மேற்குப் பக்கம். கையில் 60,000 ரூபா இருக்கு. நல்ல முதிரை மேசை ஒன்று செய்விப்பதா, கடையில் செற்றாக எடுப்பதா? கனடாவில் இருக்கிற அண்ணா கேமிங் கதிரை வாங்கு என்கிறார். என் உயரம் 5 அடி 1 அங்குலம்.

பதில்:

தங்கச்சி, நீங்களும் மேசையில்தான் தொடங்குகிறீர்கள். வவுனியாவில் என் பட்டறைக்கு வருகிற எல்லாரும் அப்படித்தான். நானும் கனகாலம் ஒன்றும் விசாரிக்காமல் 30 அங்குல உயரத்தில் மேசை செய்து கொடுத்தவன்தான். ஒருமுறை ஒரு ரீச்சருக்கு முதிரைப் பலகையில் ஒன்று செய்தேன். பார்த்தவர்கள் எல்லாம் தடவித் தடவிப் பார்த்தார்கள். மூன்று மாதம் கழித்து அவருடைய மகன் லாண்ட்மாஸ்ரரில் அதை ஏற்றிக்கொண்டு வந்து, "அம்மாவுக்குக் கழுத்து நோகுதாம், காலைக் குறைச்சுத் தாங்கோ" என்றான். மெருகெண்ணெய் பூசி முடித்த காலை வாளால் அறுக்கிற துக்கம் ஆசாரிக்குத்தான் தெரியும். பிழை என்னுடையது. ரீச்சரை ஒரு தடவைகூட இருத்தி அளவெடுக்கவில்லை.

உங்கள் தோள்மூட்டு நோவுக்கும் அந்த 30 அங்குலம்தான் காரணமாக இருக்கவேண்டும். பிளாஸ்டிக் கதிரையின் ஆசனம் ஏறக்குறைய 17 அங்குலத்தில் இருக்கும். உங்கள் உயரமுள்ள ஒருவர் நிமிர்ந்து இருந்து கையைத் தொங்கவிட்டு மடக்கினால், முழங்கை ஆசனத்திலிருந்து 9 அங்குலத்துக்குள்தான் நிற்கும். அதாவது தரையிலிருந்து 26. மேசையோ 30. மிச்சம் 4 அங்குலத்தையும் எட்டு மணித்தியாலம் தோள்தான் தூக்கிப் பிடிக்கிறது.

ஆகவே முதலில் கதிரை. பணத்தில் பாதிக்கு மேல் அதற்கே போகட்டும். கடைக்குப் போனால் செருப்பைக் கழற்றிவிட்டு இருந்து பாருங்கள், வீட்டில் வெறுங்காலோடுதானே இருப்பீர்கள். வெறுங்காலில் உங்கள் முழங்கால் மடிப்பு வரைக்கும் 15 அங்குலம், மிஞ்சினால் பதினைந்தரை. கடைகளில் வருகிற கதிரைகள் பெரும்பாலும் கடைசி மட்டும் இறக்கினாலும் 17 அங்குலத்தில் நின்றுவிடும், கால் அந்தரத்தில் தொங்கும். அதற்காகக் கதிரையை வேண்டாம் என்று விடத் தேவையில்லை. 2 அங்குலத் தடிப்பில் ஒரு பலகைத் துண்டைக் காலுக்குக் கீழே போட்டால் சரி. மேசை செய்கிறவரிடமே கேளுங்கள், கழிவுத் துண்டில் சும்மா தருவார்.

அதைவிட முக்கியம் ஆசனத்தின் ஆழம். முதுகு சாய்மானத்தில் முட்ட இருந்தால், ஆசனத்தின் முன் விளிம்புக்கும் முழங்கால் மடிப்புக்கும் இடையில் மூன்று விரல் போகவேண்டும். போகாவிட்டால் விளிம்பு காலை அழுத்தும், நீங்கள் உங்களை அறியாமலே முன்னுக்கு நகர்ந்து இருப்பீர்கள், நாரிக்குப் பிடிமானம் போய்விடும். பெரிய 'பொஸ்' கதிரைகள் கட்டையான ஆட்களுக்குச் சரிவராதது இதனால்தான். கைதாங்கி மேசைக்குள் நுழையவேண்டும், இல்லையென்றால் அது கதிரையை மேசையிலிருந்து தள்ளியே வைத்திருக்கும். அடியில் ஐந்து கால் இருக்கவேண்டும். பாவித்த கதிரை என்றால் உயர்த்திவிட்டு ஒரு பத்து நிமிடம் அதிலே இருந்து கடைக்காரரோடு கதையுங்கள். மெல்ல மெல்லக் கீழே இறங்கினால் உள்ளே இருக்கிற காஸ் குழாய் முடிந்துவிட்டது.

அண்ணா சொல்கிற கேமிங் கதிரை கனடாக் குளிருக்கு நல்லது. அது அநேகமாக றெக்சின் போர்த்த பஞ்சு. சோளகக் காலத்தில், மத்தியான வெக்கையில், மேற்கு யன்னல் அறையில் அதில் இருந்தால் முதுகு ஊறிவிடும். நாலைந்து வருஷத்தில் தோலும் உரியத் தொடங்கும். முதுகுக்கு வலைத்துணி போட்டதாக எடுங்கள். காற்றும் போகும், புழுதியையும் தட்டிவிடலாம்.

கதிரை வந்து, அதில் ஒரு கிழமை இருந்து பழகிய பிறகு மேசைக்கு அளவெடுங்கள். கால் பலகையில் பதிய, தோளைத் தளரவிட்டு முழங்கையை மடக்குங்கள். முழங்கைக்கும் தரைக்கும் உள்ள உயரத்தை வேறு ஆள் அளக்கட்டும். அதில் கீபோட்டின் தடிப்பைக் கழித்தால் மேசையின் உயரம் வரும். உங்களுக்கு 25, 26 அங்குலத்தில் வந்து நிற்கும். இந்த உயரத்தில் கடையில் செற்றாக எடுக்கவே முடியாது. எங்கள் பக்கத்தில் ஊருக்கு ஓர் ஆசாரியாவது இருக்கிறார், சொன்ன அளவுக்குச் செய்து தருவார். கொழும்பு மாடிவீட்டில் இருக்கிறவருக்கு அந்த வசதி இலேசில் கிடைக்காது.

ஆனால் உயரத்தைக் குறைக்கச் சொன்னால் மட்டும் போதாது, இதை நானே ஒருமுறை கோட்டைவிட்டேன். பலகைக்குக் கீழே முன்பக்கமாக 4 அங்குலச் சட்டம் ஓட்டுவது எங்கள் வழக்கம். 26 அங்குல மேசையில் பலகைக்கு 1, சட்டத்துக்கு 4 போனால் மிச்சம் 21. உங்கள் தொடையின் மேற்பக்கமோ 22ஐத் தாண்டும். கதிரை உள்ளே போகாது. முன்சட்டம் வேண்டாம், சட்டத்தைப் பின்னாலும் பக்கங்களிலும் போடுங்கோ என்று சொல்லுங்கள். நடுவில் லாச்சியும் வேண்டாம். பலகை 4 அடி நீளம், 2 அடி அகலம். அகலத்தில் கை வைக்காதீர்கள். திரை ஒரு கை நீளத்துக்கு அப்பால் நிற்க அவ்வளவும் வேண்டும்.

மரம் என்று வந்தால், முதிரை அழகு, பாரம், விலையும் அப்படியே. காட்டு மரம் ஏற்றி இறக்க அனுமதிப்பத்திரம் வேண்டும். 'பேப்பர் இல்லை, மலிவாய்த் தாறன்' என்று யாராவது வந்தால் விட்டுவிடுங்கள், பொலிசில் நிற்கவேண்டி வரும். உங்கள் பணத்துக்கு வேம்பு போதும். கைப்பு மரம், பூச்சி இலேசில் அண்டாது. ஆனால் நன்றாகக் காய்ந்திருக்கவேண்டும். அங்குலத் தடிப்புக்கு ஒரு வருஷம் நிழலில் காயவேண்டும் என்பது பழைய கணக்கு. பச்சைப் பலகையில் செய்தால் மாரி முடிந்து வெயில் ஏற மேசை வளைந்துவிடும். எந்த மரமானாலும் பளபளப்பு இல்லாத மெருகு கேளுங்கள். மினுங்குகிற பலகையில் மாலை வெயில் பட்டுக் கண்ணுக்குள் அடிக்கும்.

சிப்போட் மேசை மலிவுதான், வீடு கழுவுகிற தண்ணீரிலேயே கால் ஊதிவிடும். 2018 டிசெம்பர் வெள்ளத்துக்குப் பிறகு கிளிநொச்சியில் அப்படி ஊதிப்போன மேசைகளை எத்தனை வேலியோரத்தில் பார்த்தேன். காலை ஆணியால் அறையாமல் போல்ட் போட்டுக் கழற்றிப் பூட்டக்கூடியதாகச் செய்விக்கலாம். எங்கள் சனம் நிறையப் பேர் அப்படித்தான் கேட்கிறார்கள். ஏன் என்று நான் கேட்பதில்லை.

மேசையை யன்னலுக்கு நேரே போடவேண்டாம், யன்னலுக்கு முதுகு காட்டியும் இருக்கவேண்டாம். யன்னல் பக்கவாட்டில் வரட்டும், ஒரு தடித்த சீலையும் தொங்கவிடுங்கள். நீங்கள் வேலைசெய்கிற நேரம்தான் மேற்கு வெயிலின் நேரமும். சுவரிலிருந்து மூன்று விரல் தள்ளி வையுங்கள், கறையான் ஏறினால் அப்போதுதான் கண்ணில் படும்.

லப்டொப்பைப் பலகையில் அப்படியே வைத்தால் இவ்வளவு அளவெடுத்ததும் வீண், தலை குனிந்தே இருக்கும். திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்துக்கு வர அதைப் பெட்டியிலோ புத்தகத்திலோ ஏற்றி, கீபோட்டும் மவுஸும் தனியாகப் பூட்டுங்கள். அண்ணா ஏதாவது வாங்கித் தருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றால், கேமிங் கதிரைக்குப் பதிலாக ஒரு மொனிற்றர் கேளுங்கள். நாள் முழுக்க இலக்கம் பார்க்கிற கண்ணுக்கு அதுதான் உதவும்.