அம்மாவுக்கு எதற்குத் தனித் தட்டு?

கேள்வி: ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறேன். கிறிஸ்தவக் குடும்பம். கொஞ்ச காலமாக பைபிளின் லேவியராகமத்தில் உள்ள சுத்தச் சட்டங்களைக் கடைப்பிடிக்கிறேன். பன்றிக்கறி, இறால், செதிள் இல்லாத மீன் எதுவும் என் வீட்டுக்குள் வராது. அம்மா ஒகேனக்கல்லில் சுற்றுலா வருபவர்களுக்கு மீன் சமைத்துக் கொடுப்பவர். கெளுத்தி, வாளை எல்லாம் சாப்பிடுவார். அவர் வந்தால் தட்டு, டம்ளர் தனியாக வைத்திருப்பதால் அதில் பிரச்சினை இல்லை. பிரச்சினை மனைவிதான். லீவில் ஊருக்குப் போனால் எனக்குத் தெரியாமல் பிள்ளைகளுக்குக் கெளுத்திக் குழம்பு கொடுத்துவிடுகிறாள். அவளை எப்படி வழிக்குக் கொண்டுவருவது?

பதில்: தம்பி, மனைவி விஷயம் அப்புறம். "அதில் பிரச்சினை இல்லை" என்று ஒரே வரியில் தாண்டிப் போனீர்களே, அந்தத் தட்டைப் பற்றிப் பேசுவோம்.

யாருக்குப் பிரச்சினை இல்லை? அம்மாவிடம் கேட்டீர்களா? தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பிறந்தவருக்குத் தனி டம்ளர் என்றால் என்னவென்று நான் சொல்லித்தர வேண்டியதில்லை. டீக்கடையில் வைத்தால் தீண்டாமைக்கு எதிரான 1955-ஆம் ஆண்டுச் சட்டப்படி தண்டனை. அதை நீங்கள் உங்களைப் பெற்ற தாய்க்கு, உங்கள் வீட்டு அடுப்படியில், வேத வசனத்தின் பேரில் வைத்திருக்கிறீர்கள். பென்னாகரம், தர்மபுரி என்று பஸ் மாறி வந்து இறங்குகிற மனுஷி எதுவும் சொல்லாமல் அதில் சாப்பிட்டுவிட்டுப் போகிறார் என்றால், மகன் வீட்டு வாசல் அடைபட்டுவிடக் கூடாதே என்கிற பயம்தான். சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

சரி, உங்கள் சட்டத்துக்கே வருகிறேன். சிறகும் செதிளும் இல்லாத மீனைத் தின்னாதே என்று லேவியராகமம் 11-இல் இருக்கிறது, உண்மை. அதே அதிகாரத்தில் பாத்திரம் எப்போது தீட்டாகிறது? எலி, ஓணான், பல்லி போன்றவை செத்து அதில் விழுந்தால். அப்போதுகூட மண்பாத்திரத்தைத்தான் உடைக்கச் சொல்கிறது. மரம், துணி, தோல் என்றால் தண்ணீரில் போட்டு வைத்தால் சாயங்காலத்தோடு தீட்டு போய்விடும். கெளுத்தி சாப்பிட்ட தாய் கைவைத்த தட்டு தீட்டு என்று அங்கே எந்த வசனம் சொல்கிறது? எண்ணாகமம் 31-இல், போரில் கொள்ளையடித்த வெண்கலத்தையும் இரும்பையுமே நெருப்பிலும் தண்ணீரிலும் சுத்தம் செய்து வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். உங்கள் வீட்டு எவர்சில்வர் தட்டு அதைவிடக் கேடா?

11-ஐக் கரைத்துக் குடித்தவர் 19-ஐப் புரட்டவில்லையா? தாய் தகப்பனுக்குப் பயந்திருக்கச் சொல்லும் அந்த வசனத்தில் தாய்தான் முதலில் வருகிறாள். நரைத்தவர் முன் எழுந்து நிற்கச் சொல்வதும் அதே அதிகாரம்தான். (இரண்டு வகை நூல் கலந்த துணி கூடாது என்றும் அங்கே இருக்கிறது. கம்பெனி யூனிபார்ம் டெரிகாட்டன்தானே?)

மாற்கு 7-இல், சீஷர்கள் கை கழுவாமல் சாப்பிடுகிறார்கள் என்று குற்றம் சொல்ல வந்தவர்களை இயேசு எதற்காகக் கடிந்துகொண்டார்? கொர்பான், காணிக்கை என்று சொல்லி அப்பா அம்மாவுக்குச் செய்ய வேண்டியதைத் தட்டிக் கழிக்கிறீர்களே என்றுதான். அப்போஸ்தலர் 15-இல் புறஜாதி (யூதரல்லாத) விசுவாசிகளுக்கு எருசலேமில் விதித்தது நாலே நாலு: விக்கிரகத்துக்குப் படைத்தது, இரத்தம், நெரித்துக் கொன்றது, வேசித்தனம். செதிள் பேச்சே இல்லை.

அதற்காக நீங்கள் கெளுத்தி சாப்பிட்டே ஆக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. உங்கள் நாக்கு, உங்கள் விரதம். ஆனால் உங்கள் பள்ளிக்கூட பீஸ் எந்த மீனில் வந்தது என்று என்றைக்காவது விசாரித்தீர்களா?

இன்றைக்கே அந்தத் தட்டையும் டம்ளரையும் அடையாளம் தெரியாதபடி மற்றவற்றோடு கலந்து அடுக்குங்கள். அம்மா வந்தால் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். வேண்டாததை வேண்டாம் என்று முகம் பார்த்துச் சொல்லுங்கள். கட்லா, ரோகு, ஜிலேபி எல்லாவற்றுக்கும் செதிள் உண்டு. "கட்லாவில் குழம்பு வைம்மா" என்று ஒரு தடவை வாய்விட்டுக் கேளுங்கள், போதும்.

மனைவியா? பிள்ளைகள் பாட்டி கையால் சாப்பிடட்டும் என்று நினைக்கிற மருமகள் எத்தனை வீட்டில் கிடைப்பாள்? அதை ஒளித்துச் செய்ய வேண்டிய நிலையில் அவளை வைத்தது நீங்கள். பிள்ளைகள் எதைச் சாப்பிடலாம் என்பதை இரண்டு பேரும் உட்கார்ந்து பேசுங்கள், தட்டை மாற்றி அடுக்கிய பிறகு.