ஏ2யூஐ ரெண்டரர்: எந்த லைப்ரரியை நம்பி எடுப்பது?

கேள்வி: திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்கு மென்பொருள் செய்து தரும் நான்கு பேர் குழு எங்களுடையது. ஜாப் ஒர்க் யூனிட்டுகளுக்கான மொபைல் செயலியில் ஏஐ ஏஜென்ட் ஒன்றைச் சேர்க்கிறோம். வெறும் எழுத்தாகப் பதில் சொல்லாமல், டெலிவரி சலான், சைஸ் வாரியான பீஸ் கணக்கு என்று திரையாகவே காட்டுவதற்கு ஏ2யூஐ நெறிமுறையை எடுத்திருக்கிறோம். செயலி ரியாக்ட் நேட்டிவில் இருக்கிறது. வெளியாட்கள் எழுதிய ரெண்டரர்களை (ஏஜென்ட் சொல்லும் திரையை வரைந்து தரும் லைப்ரரிகளை) நம்பி எடுக்கலாமா?

பதில்: எடுக்கலாம்ங்க. ஆனால் கோடு பகிரும் கிட்ஹப் தளத்தில் விழுந்த நட்சத்திரத்தை (லைக் மாதிரி) எண்ணி எடுக்காதீர்கள்.

உங்கள் தொழிலை வைத்தே சொல்கிறேன். பையர் அனுப்பும் டெக் பேக்கில் துணி இருக்காது. அளவு, ஜிஎஸ்எம் (துணியின் எடை), தையல் விவரம் இவைதான் இருக்கும், தைப்பது யூனிட்டின் வேலை. இங்கேயும் ஏஜென்ட் கோடு அனுப்புவதில்லை. ‘ஒரு கார்டு, அதற்குள் எழுத்து, கீழே பட்டன்’ என்ற விவரத்தை ஜேசன் என்ற டேட்டா வடிவில் அனுப்புகிறது. அதை உங்கள் செயலியின் பட்டனாகத் தைத்துத் தருவது ரெண்டரர். 2025 டிசம்பரில் கூகுள் இதை அறிவித்தபோது லிட், ஆங்குலர், ஃப்ளட்டர் ஆகிய திரை கட்டும் கருவிகளுக்குத்தான் ரெண்டரர் இருந்தது, உங்கள் ரியாக்ட் நேட்டிவுக்கு இல்லை. அதனால்தான் உங்களைப் போன்றவர்கள் வெளியாட்களின் லைப்ரரியைத் தேட வேண்டியிருக்கிறது.

முதலில் நெறிமுறையின் பதிப்பைப் பாருங்கள். 0.8இல் திரையை வரையச் சொல்வது பிகின்ரெண்டரிங் செய்தி. 0.9இல் அந்தப் பெயரே இல்லை, கிரியேட்சர்ஃபேஸ் வந்துவிட்டது. கார்டு, பட்டன் போன்ற திரை உறுப்புகளை எழுதும் விதமும் மாறிவிட்டது. பழைய லைப்ரரிக்குப் புதிய செய்தி போனால் பிழை கூடக் காட்டாமல் வெள்ளைத் திரையாக நிற்கலாம். எந்தப் பதிப்புக்கு எழுதியது என்று ரீட்மி என்ற அறிமுகக் குறிப்பில் சொல்லாத லைப்ரரியை நான் அங்கேயே மூடிவிடுவேன்.

அப்புறம், பல்க் ஓட்டுவதற்கு முன் சாம்பிள் தைத்துப் பார்ப்பீர்கள் அல்லவா, அதையே இங்கேயும் செய்யுங்கள். ஏஜென்ட் அனுப்பும் செய்திகளை ஒரு கோப்பில் சேமித்துக்கொண்டு, ஏஜென்ட் இல்லாமல் லைப்ரரிக்கு ஒவ்வொன்றாகக் கொடுங்கள். உறுப்புகள் ஒன்றுக்குள் ஒன்றாக வராது. தட்டையான பட்டியலாக வரும், தாய் உறுப்பு பிள்ளையின் ஐடியை மட்டும் சொல்லும். செய்திகள் துண்டு துண்டாக வருவதால் பிள்ளை பிந்தியும் வரலாம். வேண்டுமென்றே வரிசையை மாற்றிக் கொடுத்துப் பாருங்கள். உங்கள் கேட்டலாக்கில் (செயலிக்குக் காட்டத் தெரிந்த உறுப்புகளின் பட்டியல்) இல்லாத ஓர் உறுப்பையும் நடுவில் போடுங்கள். அந்த இடம் மட்டும் காலியாக இருந்தால் சரி, செயலியே விழுந்தால் வேண்டாம்.

நல்ல லைப்ரரியையும் சுமாரானதையும் பிரித்துக் காட்டுவது அடுத்த சோதனைதான். இந்த நெறிமுறையில் திரையின் அமைப்பு வேறு, அதில் நிரம்பும் டேட்டா வேறு. ஒரு பெட்டியில் எண்ணைத் தட்டிக்கொண்டிருக்கும்போதே வேறொரு இடத்தில் பீஸ் கணக்கை 240இலிருந்து 260 ஆக்கும் டேட்டா செய்தியை அனுப்புங்கள். அந்த எண் மட்டும் மாற வேண்டும். சில லைப்ரரிகள் முழுத் திரையையும் மறுபடி கட்டும். தட்டியது போய்விடும், கீபோர்டும் மூடிக்கொள்ளும். கட்டிங் மாஸ்டருக்கு இரண்டு தடவை அப்படி ஆனால், மூன்றாம் தடவை பழையபடி நோட்டில் எழுதிக்கொள்வார்.

கோடு வராததால் ஆபத்தே இல்லை என்றும் இருந்துவிடாதீர்கள். எழுத்தை வெப்வியூவில் (செயலிக்குள் வலைப்பக்கம் காட்டும் பெட்டி) ஊற்றிக் காட்டும் லைப்ரரி என்றால், உள்ளே வரும் எச்டிஎம்எல்லை அது வடிகட்டுகிறதா என்று பாருங்கள்.

என் தேர்வைக் கேட்டால்: செய்திகளைப் படிப்பதையும் டேட்டாவை இணைப்பதையும் லைப்ரரியிடம் விடுங்கள். பட்டன், டெக்ஸ்ட் பெட்டி, கார்டு எல்லாம் உங்கள் செயலியில் ஏற்கெனவே இருப்பவை, அவற்றையே மாட்டுங்கள். எப்படியும் எஸ், எம், எல், எக்ஸ்எல் என்று போகும் சைஸ் கட்டம் நெறிமுறையின் அடிப்படைக் கேட்டலாக்கில் கிடையாது. அதை நீங்கள்தான் எழுத வேண்டும், அப்படி ஒன்று இருப்பதை ஏஜென்ட்டுக்கும் சொல்ல வேண்டும். சொந்த உறுப்பைச் சேர்க்க வழி தராத லைப்ரரி எவ்வளவு அழகாக இருந்தாலும் உங்களுக்கு உதவாது.

கடைசியாக உரிமம். ஏ2யூஐ அப்பாச்சி 2.0இல் இருப்பதால் அதற்கு எழுதிய லைப்ரரியும் அப்படித்தான் என்று நினைக்க வேண்டாம். லைப்ரரியின் கோடு இருக்கும் ரெப்போவில் உரிமக் கோப்பு இல்லை என்றால், கோடு கண்முன் கிடந்தாலும் அதைக் கம்பெனிகளுக்குக் கொடுக்க உங்களுக்கு அனுமதி இல்லை. எழுதியவரிடம் ஒரு வரி கேட்டு, அவர் உரிமத்தைச் சேர்த்த பிறகு எடுங்கள்.