சென்னைத் தூர்தர்ஷன் ஆரம்பிச்சப்போ தமிழ்நாடு பூரா தெரிஞ்சுதா? உங்க ஊருக்கு டிவி எப்ப வந்துச்சு?

தமிழ்நாடு பூரா எல்லாம் இல்லீங்க. மெட்ராஸும் அதைச் சுத்தி கொஞ்ச தூரமும்தான். 1975 ஆகஸ்ட் 15ல மெட்ராஸ் ஸ்டேஷன் ஆரம்பிச்சாங்க, ஆனா தூத்துக்குடிக்காரங்க நாங்க டிவின்னு முதல்ல பாத்தது அதை இல்ல, இலங்கை ரூபவாஹினிய. இங்க பதில் போட்டிருக்கிற முக்கால்வாசிப் பேர் "அந்தக் காலத்துல தமிழ்நாடே வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும் சினிமாப் பாட்டு நிகழ்ச்சி முன்னாடி உக்காந்துச்சு"ன்னு எழுதியிருக்காங்க, படிக்கும்போது சிரிப்புதான் வருது. அந்தத் தமிழ்நாட்டுல 80கள் முன்பாதி வரைக்கும் நாங்க சேத்தி இல்ல போல.

முதல்ல மெட்ராஸ் கதைய சொல்லிடுறேன். டெல்லியில 1959லயே டிவி வந்தாச்சு, பம்பாய்க்கு 1972, அப்புறம் ஸ்ரீநகர், அமிர்தசரஸ், 1975 ஆகஸ்ட்ல ஒரே வாரத்துல கல்கத்தாவும் மெட்ராஸும். எமர்ஜென்சி அறிவிச்சு ரெண்டு மாசம் கூட ஆகல அப்ப. கலைஞர் ஆட்சிய அதுக்கடுத்த ஜனவரி கடைசியில கலைச்சாங்க, அந்த மாதிரி நேரத்துல ஒரு டிவி நியூஸ் என்னத்த சொல்லியிருக்கும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க. அப்ப அது ஆல் இண்டியா ரேடியோவோட ஒரு பகுதி, 1976 ஏப்ரல் 1ல தான் தூர்தர்ஷன்னு தனியா பிரிச்சாங்க. சேப்பாக்கம் பக்கத்துல சுவாமி சிவானந்தா சாலையில இன்னிக்கும் அந்தக் கட்டடம் இருக்கு. கருப்பு வெள்ளை, சாயங்காலம் சில மணி நேரம், வயலும் வாழ்வும், நேயர் கடிதத்துக்கு எதிரொலி, ஞாயித்துக்கிழமை படம். வயலே இல்லாத மெட்ராஸ்காரங்க வயலும் வாழ்வும் பாத்தாங்க, வயல் வச்சிருந்த தஞ்சாவூர்க்காரனுக்கும் திருநெல்வேலிக்காரனுக்கும் அது தெரியவே இல்ல. இதைவிட பெரிய காமெடி அந்த ஸ்டேஷன் சரித்திரத்துல கிடையாது.

இப்ப எங்கூர்க் கதை. இலங்கையில டிவி நமக்கு அப்புறம்தான் வந்துச்சு. 1979 ஏப்ரல் 13ல ஐ.டி.என்.னு ஒரு தனியார் ஸ்டேஷன் கொழும்பு வட்டாரத்துக்கு மட்டும் ஆரம்பிச்சாங்க, ரெண்டு மாசம் முழுசா முடியல, ஜூன் 5ல அரசாங்கம் எடுத்துக்கிச்சு. அப்புறம் ஜப்பான் உதவியோட 1982 பிப்ரவரி 15ல ரூபவாஹினி. இவங்க செஞ்ச புத்திசாலித்தனமான வேலை என்னன்னா டிரான்ஸ்மிட்டரை கொண்டுபோய் பிதுருதலாகல மலையில வச்சாங்க, நாட்டுலயே உயரமான மலை, 2500 மீட்டருக்கு மேல. அது எங்க ஊர்ல இருந்து முன்னூறு கிலோமீட்டருக்கு மேலதான், கணக்குப்படி தெரியவே கூடாது, ஆனா நடுவுல மன்னார் வளைகுடா. கடல் மேல சூடான காத்தும் குளிர்ந்த காத்தும் அடுக்கடுக்கா நிக்கிறப்ப சிக்னல் வளைஞ்சு வளைஞ்சு ரொம்ப தூரம் போகும். வெயில் காலத்து ராத்திரியில படம் கண்ணாடி மாதிரி இருக்கும், மழைக்காலத்துல வெறும் புள்ளிதான். ரெண்டு நாட்டுலயும் ஒரே பால் (PAL) ஒளிபரப்பு சிஸ்டம்ங்கிறதால நம்ம சாலிடேர், டயனோரா பெட்டியிலயே எந்த மாத்தமும் பண்ணாம எடுக்கும்.

ஆன்டெனாதான் விஷயம். இருபதடி ஜி.ஐ. பைப்பு, ஒண்ணு பத்தாது, ரெண்டு மூணை ஜாயிண்ட் போட்டு ஏத்துவாங்க, நாலு பக்கமும் ஸ்டே கம்பி, ஒரு கம்பிய பக்கத்து வீட்டு தென்னை மரத்துலயே கட்டியிருப்பாங்க. உச்சியில நீள அலுமினியக் கம்பிங்க வச்ச ஆன்டெனா, அதுக்குக் கீழ பூஸ்டர், அதுல இருந்து பட்டை வயர் ஜன்னல் வழியா வீட்டுக்குள்ள. உப்புக்காத்துல அலுமினியம் பூத்து, வயர் முடுக்குற ஸ்க்ரூ துருப்பிடிச்சு, படம் மங்கும், அப்ப மேல ஏறி உப்புத்தாள் போட்டு தேச்சு திரும்ப முடுக்கணும். எங்க தெருவுல இதுக்குன்னே ஒரு அண்ணன் இருந்தாரு, ரேடியோ ரிப்பேர் கடை வச்சிருந்தவரு, ஆன்டெனா கட்டுறதுல தான் வீடு கட்டினாருன்னு பேசிக்குவாங்க. எந்த மாடியில ஏறி நின்னு பாத்தாலும் அத்தனை ஆன்டெனாவும் தென்கிழக்கு பாத்து, கடல் பக்கமே திரும்பி நிக்கும்.

இன்னொரு கூத்து, அப்ப டிவி வச்சிருக்க லைசென்ஸ் வேணும், போஸ்ட் ஆபீஸ்ல பணம் கட்டி புஸ்தகத்துல பதிவு பண்ணனும். அதாவது இந்திய அரசாங்கத்துக்குப் பணம் கட்டிட்டு இலங்கை அரசாங்க ஸ்டேஷனைப் பாத்தோம். எண்பதுகள் நடுவுல லைசென்ஸை எடுத்துட்டாங்க.

என்ன பாத்தீங்கன்னா, எல்லாத்தையும் பாத்தோம். தமிழ்ச் செய்தி வரும், எப்பவாவது தமிழ்ப் படம் வரும், மீதி சிங்களமும் இங்கிலீசும். டைட்டஸ் தொட்டவத்த சிங்களத்துல டப் பண்ண கார்ட்டூனை எங்க தெரு பசங்க ஒரு வார்த்தை புரியாம வாயப் பொளந்து பாப்பானுங்க, ரெண்டு மூணு வருஷத்துல அவனுங்களுக்கு பாதி சிங்களம் வந்துருச்சு. எங்க ஆச்சி சிங்கள நாடகம் பாத்துட்டு கதைய அவங்களா கட்டி மறுநாள் பக்கத்து வீட்டுல சொல்லுவாங்க, அந்தக் கதைதான் நல்லா இருக்கும். பௌர்ணமி வந்தா எங்களுக்கு வெறுப்பு, அன்னிக்கு அவங்களுக்கு போயான்னு புத்த மதப் புனித நாள், பிக்குகளோட பிரசங்கமா ஓடும், ஆச்சி மட்டும் சாமி விஷயம்னு கும்பிட்டுட்டு உக்காந்து பாப்பாங்க. இதெல்லாம் எங்களுக்கு அந்நியமா தெரியவே இல்ல, ஏன்னா அதுக்கு முன்னாடியே இலங்கை வானொலி கேட்டு வளந்த ஊரு, அதுல அறிவிப்பாளரா இருந்த கே.எஸ்.ராஜாவும் அப்துல் ஹமீதும் எங்க வீட்டு ஆளுங்க மாதிரிதான்.

ஆனா 1983 ஜூலைக்கு அப்புறம் அந்தப் பெட்டிய பாக்குறது மாறிப்போச்சு. கொழும்புல தமிழன் கடைய எரிச்சதை நம்ம பத்திரிகையில படிச்சுட்டு, அதே கொழும்புல இருந்து வர்ற அரசாங்கச் செய்திய ராத்திரி பாக்கணும். அவங்க சொல்றதும் பேப்பர்ல வர்றதும் ஒண்ணுக்கொண்ணு ஒட்டாது. எங்க அப்பா கொஞ்ச நாள் செய்தி நேரத்துல மட்டும் டிவிய அமத்திட்டு, முடிஞ்சப்புறம் போடுவாரு. பெரியவங்க திண்ணையில இதப்பத்தி சண்டையே போட்டிருக்காங்க, பாக்கலாமா கூடாதான்னு. கடைசியில எல்லாரும் பாத்தாங்க, வேற ஸ்டேஷன் ஏது.

மெட்ராஸ் ஸ்டேஷன் எங்களுக்கு எப்பதான் வந்துச்சுன்னா, அதுவும் சட்டுனு வரல. 1982 ஏஷியாட், அதான் டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டி சமயத்துல கலர் வந்துச்சு, சேட்டிலைட் மூலமா நேஷனல் புரோகிராம் வந்துச்சு. 1984ல ஊர் ஊரா 100 வாட் குட்டி டிரான்ஸ்மிட்டரா நட்டாங்க, ஒரு கட்டத்துல நாளைக்கு ஒண்ணுங்கிற வேகத்துல. பேப்பர்ல "தென் மாவட்டத்துக்கும் டிவி"ன்னு வந்தப்ப எங்களுக்கு சந்தோஷம் தாங்கல. போட்டுப் பாத்தா இந்தி! அந்தக் குட்டி டவருங்க டெல்லியில இருந்து சேட்டிலைட்ல வர்றதை அப்படியே ரிலே பண்றதுக்குத்தான், மெட்ராஸ் நிகழ்ச்சிய அதுக்குக் கொண்டுவர வழியே போடல. ஞாயித்துக்கிழமை மத்தியானம் மாநில மொழிப் படம் போடுவாங்க, தமிழ் முறை வர்றதுக்கு மாசக்கணக்குல காத்திருக்கணும். பக்கத்து நாட்டுக்காரன் தினமும் தமிழ்ச் செய்தி குடுக்குறான், நம்மாளு இந்தியில க்ருஷி தர்ஷன்னு விவசாய நிகழ்ச்சி குடுக்குறான். கடலைப் பாத்து நின்ன ஆன்டெனாவை அதனாலதான் யாரும் திருப்பல.

திருப்பினது கொடைக்கானல் டவர் வந்தப்புறம், எண்பதுகள் பின்பாதியில. அது பெரிய டிரான்ஸ்மிட்டர், மலை மேல, மெட்ராஸ் நிகழ்ச்சியே வந்துச்சு. அந்த ஒரு மாசம் நம்ம ரேடியோ கடை அண்ணனுக்கு ராத்திரி பகல் வேலை, ஊர்ல இருக்கிற அத்தனை பைப்பையும் தென்கிழக்குல இருந்து வடமேற்குக்குத் திருப்பணும். வசதி உள்ளவங்க ரெண்டு ஆன்டெனா வச்சு, டிவி பக்கத்துல ஒரு சுவிட்ச் போட்டுக்கிட்டாங்க, இப்படித் தட்டினா கொடைக்கானல், அப்படித் தட்டினா கொழும்பு. அப்பதான் செய்தி வாசிச்ச ஷோபனா ரவி, வரதராஜன் எல்லாரையும் பாத்தோம், ஷோபனா ரவி என்ன சேலைன்னு எங்க அக்காமாரு பேச ஆரம்பிச்சாங்க, மெட்ராஸ்ல ரொம்ப வருஷமா பேசிட்டிருந்த பேச்சு. "தடங்கலுக்கு வருந்துகிறோம்" அட்டையக் கூட ஆசையா பாத்தோம்னா நம்புவீங்களா. ஒளியும் ஒலியும் அன்னிக்கு பஞ்சாயத்து டிவி வச்சிருந்த கிராமத்துல கூட்டம் அலைமோதும், பெட்டிச் சாவி வச்சிருக்கிறவர்தான் அன்னிக்கு ஊர்ப் பெரிய மனுஷன்.

ஆனா அந்த சந்தோஷம் ரொம்ப வருஷம் ஓடல. 1993 ஏப்ரல் 14 சன் டிவி. கேபிள்காரர் வயர் இழுத்துட்டுப் போனதும் ஆன்டெனா பைப்பெல்லாம் துணி காயப்போடவும் பந்தல்கால் நடவும் போயிருச்சு. மெட்ராஸ்காரங்களுக்கு தூர்தர்ஷன் கிட்டத்தட்ட பதினெட்டு வருஷம் தனிக்காட்டு ராஜா, எங்களுக்கு ஒரு ஆறேழு வருஷம் இருக்கும். அதனாலதான் அதைப்பத்தி அவங்களுக்கு இருக்கிற பாசம் எங்க பக்கம் அவ்வளவா இருக்காது. ராமேஸ்வரத்துல 323 மீட்டர் உயரத்துக்கு பிரம்மாண்டமா டிவி டவர் கட்டி முடிச்சது 1995ல, ஊரே கேபிளுக்குப் போனப்புறம். கல்யாணம் முடிஞ்சு பந்தியும் முடிஞ்சு வந்தாங்க நம்மாளுங்க. இதுல இன்னொண்ணு, அப்புறமா தமிழ் சேனலுக்கு பொதிகைன்னு பேர் வச்சாங்க. பொதிகை எங்க பக்கத்து மலை, அந்த மலைக்கு இந்தப் பக்கம் வர்றதுக்கு எத்தனை வருஷம் எடுத்துக்கிச்சு இந்த ஸ்டேஷன்!

அந்த மெட்ராஸ் ஸ்டேஷன் இப்பவும் ஓடுதான்னு கேப்பீங்க. ஓடுது, அதே சிவானந்தா சாலையில. 2024 ஜனவரி 19ல பொதிகைங்கிற பேரை எடுத்துட்டு டிடி தமிழ்னு மாத்தி புது லோகோவோட ஆரம்பிச்சாங்க, தூர்தர்ஷனோட ஃப்ரீ டிஷ் சேவையில சந்தா இல்லாம வருது. தரை வழி டவருங்களை எல்லாம் பெரும்பாலும் நிறுத்தியாச்சு.

அந்தக் கரையில இருந்து யாராவது எழுதினா நல்லா இருக்கும். நாங்க இங்க ரூபவாஹினி பாத்த மாதிரி யாழ்ப்பாணத்துல ஆன்டெனாவை இந்தப் பக்கம் திருப்பி வச்சு நம்ம தூர்தர்ஷனைப் பாத்திருக்காங்க, போர் நடந்த வருஷங்கள்ல, கரண்ட் இல்லாம. இலங்கை வடக்குல இருந்த கொக்காவில் டிவி டவர் 1990 சண்டையில போனப்புறம் அங்க என்ன தெரிஞ்சுச்சு, எதுல ஓட்டினாங்கன்னு அவங்கதான் சொல்லணும்.