வலிக்காமலே போகும் பார்வை: கண் மருத்துவரின் பதில்கள்

வாசகி, வியாசர்பாடி: அம்மாவுக்கு 68 வயது. கண்புரை என்று சொல்லிவிட்டார்கள். "நல்லா முத்தட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்கிறார் பெரியப்பா. காத்திருக்கலாமா?

வேண்டாம். அது அந்தக் காலத்து அறுவை முறைக்கான கணக்கு. இன்று சின்னத் துளை வழியாகவே புரையை எடுத்து லென்ஸ் வைத்துவிடுகிறோம். ரொம்ப முற்றிவிட்டால்தான் சிரமம். கண்ணுக்குள் அழுத்தம் ஏறவும் கூடும். அரிசியில் கல் பொறுக்க முடியவில்லை, பஸ் நம்பர் தெரியவில்லை, படியில் தடுமாறுகிறார் என்றால் நேரம் வந்துவிட்டது. செலவுக்குப் பயந்து தள்ளிப்போடாதீர்கள். எழும்பூரில் 1819-இல் தொடங்கிய அரசு கண் மருத்துவமனை இருக்கிறது. அங்கே இலவசமாகவே செய்கிறார்கள்.

வாசகர், சைதாப்பேட்டை: பத்து வருடமாகச் சர்க்கரை. ஆனாலும் பேப்பர் தெளிவாகப் படிக்கிறேன். எனக்கு எதற்குக் கண் பரிசோதனை?

உங்கள் கேள்விதான் என்னை அதிகம் கவலைப்பட வைக்கிறது. சர்க்கரை, விழித்திரையின் மெல்லிய ரத்தக் குழாய்களைக் கசிய வைக்கும், அடைக்கவும் செய்யும். பாதிப்பு நடுப்பகுதியைத் தொடாத வரை எழுத்து நன்றாகவே தெரியும். வலி இல்லை, சிவப்பு இல்லை. பிறகு, புதிதாக முளைத்த பலவீனமான குழாய் ஒன்று உடைந்து கண்ணுக்குள் ரத்தம் பரவும். "திரை போட்ட மாதிரி இருக்கு டாக்டர்" என்று அன்றைக்குத்தான் ஓடி வருகிறார்கள். அப்போதும் லேசர், ஊசி, அறுவை சிகிச்சை எல்லாம் உண்டு. ஆனால் அவை பெரும்பாலும் மிச்சமுள்ள பார்வையைக் காப்பாற்றத்தான். போனதை முழுசாக மீட்க முடிவதில்லை.

கண்ணாடிக் கடையில் கம்ப்யூட்டரில் பார்ப்பது பவரை மட்டுமே சொல்லும். வருடம் ஒரு முறையாவது சொட்டு மருந்து விட்டு, கண்மணியை விரியவைத்து, விழித்திரையைப் பார்க்க வேண்டும். சில மணி நேரம் மங்கலாக இருக்கும். அன்று பைக் வேண்டாம், துணையோடு மெட்ரோவில் போய் வாருங்கள்.

வாசகி, பெரம்பூர்: மகனுக்கு மெட்ராஸ் ஐ. போன வருடம் வாங்கிய சொட்டு மருந்து மீதி இருக்கிறது, விடலாமா?

கூடாது, தூக்கிப் போடுங்கள். மெட்ராஸ் ஐ பெரும்பாலும் வைரஸ். ஒன்றிரண்டு வாரத்தில் தானாகவே அடங்கும். சில சொட்டு மருந்துகளில் ஸ்டீராய்டு இருக்கும். சிவப்பு சட்டென்று குறைவதால் மெடிக்கல் ஷாப்பில் திரும்பத் திரும்ப வாங்கி விடுகிறார்கள். நாள்கணக்கில் விட்டால் அழுத்தம் ஏறிக் கண் நரம்பே கெடலாம். தாய்ப்பால், விளக்கெண்ணெய் எதுவும் வேண்டாம். கண் வலித்தாலோ, கூசினாலோ, பார்வை மங்கினாலோ அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

வாசகர், திருவொற்றியூர்: எங்கள் குடியிருப்போர் சங்கம் கண் முகாம் நடத்தப்போகிறது. எதைக் கவனிக்க வேண்டும்?

கேட்கவே சந்தோஷமாக இருக்கிறது. கூட்டம் சேர்ந்துவிடும், சரி. ஆனால் அறுவை சிகிச்சைக்கு எழுதிக் கொடுத்தவர்களில் எத்தனையோ பேர் அப்புறம் போவதே இல்லை. பயம் மட்டும் இல்லை; கூடப் போக ஆளில்லை, அன்றைய கூலி போய்விடும். பட்டியலை நீங்களே வைத்துக்கொண்டு வீடு வீடாகக் கேளுங்கள், ஆட்டோ பிடித்துக் கூட்டிப் போங்கள். பூ கட்டுகிறவர்கள், தையல்காரர்கள் 40 தாண்டியிருந்தால் வெள்ளெழுத்துக் கண்ணாடி அங்கேயே கையில் கிடைக்கட்டும். யாருக்காவது கண் நீர் அழுத்த நோய் (கண்ணுக்குள் அழுத்தம் ஏறிக் கண் நரம்பைக் கெடுக்கும் க்ளாக்கோமா) என்று தெரிந்தால், அது குடும்பத்தில் தொடரக்கூடியது என்பதால் அவருடைய அண்ணன் தம்பி, அக்கா தங்கை அத்தனை பேரையும் பரிசோதனைக்கு வரச் சொல்லுங்கள்.