கடைவீதிக் கேள்விகள்: நம் அடக்க விலைக்கும் கீழே ஒரு விலை

கேள்வி: பாத்திரக்கடையோடு மிக்சி, குக்கரும் விற்கிறோம் ஐயா. போன வாரம் ஒரு அக்கா 750 வாட்ஸ் மிக்சியைக் கடையில் ஓட்டிப் பார்த்துவிட்டு, போனை எடுத்துக் காட்டினார். அதே மாடல். ஏஜென்சி எனக்குப் போடும் பில்லைவிட 210 ரூபாய் குறைவு! லாபமே வேண்டாம் என்றாலும் அந்த விலைக்கு என்னால் தர முடியாது. அவர்களால் மட்டும் எப்படி முடிகிறது? சட்டம் இதை அனுமதிக்கிறதா?
– வாசகி, ஆத்தூர்

அந்த 210 ரூபாயின் வலி எனக்குத் தெரியும் அம்மா. திண்டுக்கல்லில் 26 வருஷம் மிக்சி, கிரைண்டர் கடை வைத்திருந்தவன் நான். 2014 தீபாவளிக்கு முந்தைய வாரம்தான் முதன்முதலாக ஒருவர் இப்படிப் போனை நீட்டினார். உடனே ஏஜென்சிக்காரருக்குப் போன் போட்டேன். “அண்ணாச்சி, அந்த விலைக்குக் கம்பெனி எனக்கே தர்றதில்ல. நீங்களும் அதுலயே வாங்கிக்கங்க” என்றார். வாங்கினேன். ஒரு பெயருக்கு இரண்டுதான் என்று வரம்பு இருந்ததால் மனைவி, தம்பி, மச்சான் பெயரிலெல்லாம் போட்டு எட்டு மிக்சி வாங்கி என் கடையில் அடுக்கினேன். தீபாவளி முடிந்த மறுவாரம் அந்த விலை இல்லை.

லாரி லாரியாக எடுப்பவருக்குக் கம்பெனி கூடுதல் கழிவு தரும். அது வியாபாரம், அதை நான் குறை சொல்ல மாட்டேன். அந்தக் கழிவுக்கும் கீழே இறங்கும் விலைதான் கேள்விக்குரியது. அந்தப் பணம் யார் பையிலிருந்து வருகிறது?

நம் நாட்டில் அந்நிய முதலீடு பெற்ற ஆன்லைன் கம்பெனி தானே சரக்கு வாங்கி வைத்து விற்கக் கூடாது. விற்பவரையும் வாங்குபவரையும் சேர்த்துவைக்கும் சந்தையாக மட்டுமே இருக்கலாம். 2016 மார்ச்சில் வந்த விதி இன்னும் ஒன்று சொன்னது: அந்தச் சந்தை, பொருளின் விலையை நேரடியாகவோ மறைமுகமாகவோ ஆட்டுவிக்கக் கூடாது. படிக்க எவ்வளவு தெளிவாக இருக்கிறது! நடந்தது வேறு. அமேசான் 49 விழுக்காடு பங்கு வைத்திருந்த கூட்டு நிறுவனத்தின் கையில் இருந்த கிளவுட்டெயில், அதே தளத்தின் மிகப் பெரிய விற்பனையாளர்களில் ஒன்றாக இருந்தது. தளத்துக்குப் பங்கு உள்ள நிறுவனம் அதே தளத்தில் விற்கக் கூடாது என்று 2018 டிசம்பரில் விதியை இறுக்கினார்கள். 2019 பிப்ரவரி 1 முதல் அது அமலுக்கு வந்தது. கூட்டு நிறுவனத்தில் அமேசானின் பங்கு 24 விழுக்காடாகக் குறைந்தது, கிளவுட்டெயிலின் விற்பனை தொடர்ந்தது. 2022 மே மாதத்தில்தான் அந்தக் கூட்டு முடிவுக்கு வந்தது.

ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டை நினைத்துக்கொள்ளுங்கள். மண்டிக்காரர் கமிஷனுக்கு விற்றுக் கொடுப்பவர். அவரே மச்சான் பெயரில் தக்காளி இறக்கி, மச்சான் பெட்டியை வாசலில் அடுக்கி, மற்ற விவசாயிகளின் பெட்டியைப் பின்கட்டுக்குத் தள்ளினால்? யார் சரக்கு என்ன விலைக்குப் போனது என்ற கணக்கு நோட்டும் அவரிடம்தான் இருக்கிறது. என் மனக்குறை முழுவதும் இந்த இடத்தில்தான். மலிவாக விற்பது எனக்குக் குற்றமாகப் படவில்லை. சந்தையின் சொந்தக்காரரே அதில் வியாபாரியாகவும் இருப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

சட்டத்தைக் கேட்டீர்கள். போட்டியாளரை ஒழிப்பதற்காக அடக்கத்துக்கும் கீழே விற்பது போட்டிச் சட்டத்தின் 4-வது பிரிவின்படி தவறு. ஆனால் அந்தக் கம்பெனி சந்தையில் ஆதிக்க நிலையில் இருப்பதாக முதலில் நிரூபிக்க வேண்டும். ஆன்லைன் விற்பனையாளர் சங்கம் ஒன்று பிளிப்கார்ட் மேல் கொடுத்த புகாரை, அதற்கு ஆதிக்க நிலை இல்லை என்று இந்தியப் போட்டி ஆணையம் 2018-ல் தள்ளியது. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2020 மார்ச்சில் அந்த உத்தரவை ரத்து செய்தது. அதற்கு இரண்டு மாதம் முன்புதான், டெல்லி வியாபாரிகள் அமைப்பின் புகாரில் அமேசான், பிளிப்கார்ட் இரண்டையும் விசாரிக்க அதே ஆணையம் உத்தரவிட்டிருந்தது. கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போயின. 2021 ஆகஸ்டில் விசாரணையைத் தடுக்க உச்ச நீதிமன்றம் மறுத்தது. வேண்டிய விற்பனையாளர்களுக்குச் சலுகை காட்டப்பட்டது என்ற அறிக்கை 2024-ல் வந்தது. அதன்பிறகும் வழக்குகள் ஓயவில்லை. ஒரு கடைக்காரரால் இத்தனை வருஷம் வட்டி கட்டிக்கொண்டு காத்திருக்க முடியுமா?

அமெரிக்காவில் டயாப்பர்ஸ்.காம் என்று ஒரு கம்பெனி குழந்தைகளுக்கான டயாப்பர் விற்று வளர்ந்தது. அமேசான் தன் டயாப்பர் விலையை 30 விழுக்காடு வரை வெட்டியது. ஒரே மாதத்தில் 20 கோடி டாலருக்கும் மேல் நஷ்டப்படத் தயாராக இருந்ததாக, 2020-ல் அந்நாட்டு நாடாளுமன்றக் குழு விசாரணையில் ஆவணங்களை வைத்துச் சொன்னார்கள். தாக்குப்பிடிக்க முடியாத அந்தக் கம்பெனி 2010-ல் அமேசானிடமே விலைபோனது. 2017-ல் அதை மூடிவிட்டார்கள்.

அதனால் அந்த விலையைத் துரத்தாதீர்கள் அம்மா. ஒரு தீபாவளிக்கு நான் துரத்தினேன். 31 மிக்சி விற்றேன், ஒன்றுக்கு 180 ரூபாய் கைநஷ்டம். கடையைக் காப்பாற்றியது கப்ளர், ஜார் புஷ், பிளேடு, குக்கர் கேஸ்கெட் என்று உதிரிபாகங்கள் இருந்த மேசைதான். ஆன்லைனில் வாங்கியவரும் ஆறு மாதத்தில் கப்ளர் தேய்ந்து அங்கேதான் வந்து நின்றார். “எங்ககிட்ட வாங்கலையே” என்று ஒரு நாளும் கேட்டதில்லை. நீங்களும் கேட்காதீர்கள். அவருடைய அடுத்த கிரைண்டர் உங்கள் கடையிலிருந்து போகட்டும்.

கேள்வி: கம்பத்தில் கூரியர் கிளை எடுத்து நடத்துகிறேன். தினமும் 300 பார்சல் வந்தது. பெரும்பாலும் ஒரே ஆன்லைன் கம்பெனியுடையது. அவர்களே வேன் விட்டதும் 60-க்கு வந்துவிட்டது. ஐந்து பையன்களில் மூன்று பேரை நிறுத்திவிட்டேன். இது எனக்கு மட்டும் நேர்ந்ததா?
– வாசகர், கம்பம்

இல்லை தம்பி. ஈகாம் எக்ஸ்பிரஸ் என்ற பெரிய கூரியர் கம்பெனி 2024-ல் 2,600 கோடி ரூபாய்ப் பங்கு வெளியீட்டுக்கு விண்ணப்பித்திருந்தது. அதன் வருமானத்தில் பெரும்பங்கு மீஷோ என்ற ஆன்லைன் விற்பனைத் தளத்திடமிருந்து வந்தது. மீஷோ, வால்மோ என்று சொந்த விநியோக ஏற்பாட்டைப் பெருக்கியதும் இவர்களுக்குச் சரக்கு வற்றியது. 2025 ஏப்ரலில் சுமார் 1,407 கோடிக்கு டெல்லிவரி என்ற இன்னொரு கூரியர் கம்பெனியிடம் விலைபேசி முடித்தார்கள். அத்தனை பெரிய கம்பெனியாலேயே தாங்க முடியவில்லை என்றால், உங்கள் திறமையில் குறை தேடாதீர்கள்.

அமெரிக்காவில் பெடெக்ஸ் என்ற கூரியர் கம்பெனி இதை முன்கூட்டியே கணித்து, 2019-லேயே அமேசான் ஒப்பந்தங்களைத் தானாக விட்டு விலகியது. அங்குள்ள இன்னொரு கூரியர் கம்பெனியான யூபிஎஸ், அமேசான் சரக்கைப் பாதிக்கும் மேல் குறைக்கப்போவதாக 2025 ஜனவரியில் அறிவித்தது. அளவில் பெரிய வாடிக்கையாளர், லாபத்தில் பெரியவர் இல்லை என்பது அவர்கள் கணக்கு. உங்களிடம் இன்னும் வரும் 60 பார்சலையும் பிரித்துப் பாருங்கள். ஏலக்காய் வியாபாரி, தையல்கடை, மருந்துக்கடை என்று உள்ளூர் ஆட்கள் அனுப்புவது எத்தனை? அவர்களைக் காலையில் நேரில் போய்ப் பாருங்கள்.

நிறுத்திய மூன்று பேரும் அந்த வேனிலோ, சாப்பாட்டு ஆப்பிலோதான் சேர்ந்திருப்பார்கள். இவர்களுக்கென்று 2023 டிசம்பரில் தமிழ்நாடு அரசு தனி நல வாரியம் அமைத்தது. பதிவு செய்யச் சொல்லுங்கள். மத்திய அரசின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் 2025 நவம்பர் 21-ல் அமலுக்கு வந்தது. கம்பெனி தன் விற்றுமுதலில் 1 முதல் 2 விழுக்காடு இவர்களுக்காகக் கட்ட வேண்டும் என்று அதில் இருக்கிறது. பெயர் பதிவாகாத பையனுக்கு அது போய்ச் சேராது.

கேள்வி: எங்கள் ஊருக்கு டவுன் பஸ் நாளைக்கு மூன்று முறைதான். ஆன்லைனில் வாங்கினால் உள்ளூர்க்காரர் வயிற்றில் அடிப்பதாகக் கணவர் சொல்கிறார். வாங்குவது தவறா?
– வாசகி, நத்தம் அருகில்

தவறில்லை தாயி. அரை நாள் கூலியை விட்டுவிட்டு நீங்கள் ஏன் பஸ்ஸுக்கு நிற்க வேண்டும்? கடைக்காரர்கள் நாங்களும் உங்களுக்கு எல்லாம் சரியாகச் செய்துவிடவில்லை. பில் கேட்டால் முகம் சுளித்தவர்கள் எங்களில் உண்டு. ஒன்று மட்டும் செய்யுங்கள்: “விற்பவர்” என்று போட்டிருக்கும் பெயரைப் பாருங்கள். அந்த விவரத்தைக் காட்ட வேண்டும் என்பது 2020 முதல் விதி. புகார் கொடுத்தால் 48 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதாகப் பதில் வர வேண்டும். வராவிட்டால் நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்யுங்கள்.

கேள்வி: எந்த நாட்டிலாவது சின்னக் கடைகளைக் காப்பாற்றியிருக்கிறார்களா?
– வாசகர், காரைக்குடி

பிரான்சில் புத்தகக் கடைகளுக்காகப் போராடிக்கொண்டே இருக்கிறார்கள். 1981 சட்டப்படி புத்தகத்துக்கு 5 விழுக்காட்டுக்கு மேல் தள்ளுபடி கிடையாது. ஆன்லைன் கம்பெனிகள் தள்ளுபடியோடு இலவச டெலிவரியும் கொடுத்தன. 2014-ல் அதைத் தடுத்ததும் டெலிவரிக்கு 1 சென்ட் என்று வைத்தது அமேசான். 2023 அக்டோபரிலிருந்து, 35 யூரோவுக்குக் குறைவான புத்தக ஆர்டருக்கு டெலிவரிக் கட்டணம் குறைந்தது 3 யூரோ. ஓட்டை விழ விழ அடைக்கிறார்கள். அந்தப் பிடிவாதம் எனக்குப் பிடித்திருக்கிறது.

கேள்வி: வீட்டில் முறுக்கு சுட்டு நான்கு கடைகளுக்குப் போடுகிறேன். ஆன்லைன் தளத்தில் சேரச் சொல்கிறார்கள். சேரலாமா?
– வாசகி, மணப்பாறை

சேருங்கள், ஆனால் நான்கு கடைகளையும் விடாதீர்கள். முன்பெல்லாம் ஆன்லைனில் ஒரு பொட்டலம் விற்றாலும் ஜிஎஸ்டி பதிவு வேண்டும். 2023 அக்டோபர் 1 முதல், மாநிலத்துக்குள் மட்டும் விற்கும் சிறு வியாபாரிக்கு அதில் தளர்வு இருக்கிறது. ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நானும் ஒரு தளத்தில் ஒன்றரை வருஷம் கிரைண்டர் விற்றேன். திரும்பி வந்த ஒரு பெட்டியில் என் கல்லுக்குப் பதில் தேய்ந்த பழைய கல் இருந்தது. புகார் எடுபடவில்லை, போக வரச் செலவும் என் தலையில். அதைவிடப் பெரிய இழப்பு வேறு. அத்தனை நாள் என்னிடம் வாங்கியவர்களில் ஒருவர் போன் நம்பர்கூட என் கையில் இல்லை. உங்கள் பொட்டலத்தில் தயாரிப்பாளர் பெயர், முகவரி, நுகர்வோர் தொடர்பு எண் எல்லாம் அச்சிடுவது சட்டப்படி கட்டாயம். அந்த எண்ணைப் பொடி எழுத்தில் போடாதீர்கள். பாட்டி கண்ணாடி இல்லாமல் படிக்கிற அளவுக்குப் போடுங்கள்.