புது பான்டூன் போட் வாங்கும்போது பெர்ஃபார்மன்ஸ் அப்கிரேடு எதெல்லாம் எடுக்கணும்?

பான்டூன்னா அலுமினிய குழாய் மேல தட்டையா ஒரு மேடை, பின்னாடி வெளிப்பக்கமா மாட்டுற அவுட்போர்டு மோட்டார், அவ்ளோதான். அமெரிக்காவுல மினசோட்டா மாதிரி ஏரி நிறைஞ்ச ஊர்ல குடும்பத்தோட சுத்த இதைத்தான் நிறைய பேரு வாங்குவாங்க.

ரெண்டு குழாய் போட் தண்ணியை கிழிச்சுக்கிட்டுதான் போகும், அதனால வேகம் கூடக் கூட இழுவையும் கூடும். இதுக்குத்தான் லிஃப்டிங் ஸ்ட்ரேக், அதாவது குழாயோட பக்கவாட்டுல வெல்டு பண்ற அலுமினிய பட்டை, வேகம் எடுத்ததும் அது தண்ணியை கீழ தள்ளி போட்டை மேல தூக்கும். ஓட்டாஞ்சில்லை சாய்ச்சு எறிஞ்சா குளத்து மேல தத்திக்கிட்டே போகும்ல, அதே சங்கதிதான். மூணாவது குழாய் வச்சா மிதப்பு கூடும், பெரிய மோட்டாரும் தாங்கும். மேடைக்கு அடியில தகடு அடிச்சா குறுக்கு சட்டத்துல தண்ணி மோதி இழுக்கிறது குறையும்.

மோட்டாரை பிறகு மாத்திக்கலாம், ஆனா குழாய், ஸ்ட்ரேக் எல்லாம் ஃபேக்டரியிலயே செஞ்சு வாங்கிடுங்க, அப்புறம் சேர்க்கிறது பெரிய தலைவலி, செலவும் ஜாஸ்தி. சும்மா மெதுவா சுத்தி மீன் பிடிக்கத்தான்னா இதுல எதுவுமே வேணாம்னுதான் நான் சொல்வேன்.

பெரிய மோட்டார் மாட்டுனாலே போட் பறக்கும்னு பலர் நினைக்கிறாங்க, அப்படி இல்ல, போட்ல ஒட்டியிருக்கிற விவரப் பலகையில போட்ட அதிகபட்ச குதிரைத்திறன் அளவை தாண்டவே கூடாது.